படித்துக் காட்டப்படாத படிவம்

1970களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி பொது மருத்துவமனைக்குப் பிள்ளை பெறப் போன மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலர், இனிப் பிள்ளை பெற முடியாத உடலோடு வீடு திரும்பினார்கள். சிலருக்கு அது மாதங்கள் கழித்து, வேறொரு மருத்துவரிடம் போனபோதுதான் தெரிந்தது. ஆனால் பலருடைய கோப்பில் கையெழுத்து இருந்தது. பிரசவ வலியின் நடுவில், சிசேரியனுக்கு ஆயத்தமாகும் அவசரத்தில் நீட்டிய தாளில் போட்ட கையெழுத்து. அவர்கள் பேசியது ஸ்பானிய மொழி. அறையில் ஒலித்தது ஆங்கிலம்.

அங்கே பயிற்சியில் இருந்த பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட் என்ற இளம் மருத்துவர்தான் இதை வெளியே சொன்னார். 1975இல் டோலோரெஸ் மாட்ரிகல் உள்ளிட்ட பத்துப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். சட்டக் கல்லூரியை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்த அன்டோனியா எர்னாண்டெஸ் அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர். 1978 ஜூன் 30 அன்று நீதிபதி ஜெஸ்ஸி கர்டிஸ் மருத்துவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். நடந்தது தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட முறிவுதான் என்பது அவர் முடிவு.

அந்த 'முறிவு' என்ற சொல்லில்தான் என் வாசிப்பு ஒவ்வொரு முறையும் இடறுகிறது. கண்ணாடி முறிந்தது, கிளை முறிந்தது என்பதுபோல, முறித்தவர் யாரென்று அது சொல்வதில்லை. மொழி தெரியாதது இரு தரப்புக்கும் பொது. மருத்துவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாதுதான். ஆனால் கத்தி ஒரு தரப்பின் கையில் மட்டுமே இருந்தது. அந்தப் பெண்களின் பண்பாட்டில் பிள்ளைப்பேற்றுக்கு உள்ள இடத்தை மானுடவியலாளர் கார்லோஸ் வெலெஸ்-இபான்யெஸ் நீதிமன்றத்தில் விளக்கினார். அதே சாட்சியம், அவர்களுடைய துயரம் அவர்களுடைய பண்பாட்டால் வந்தது, அதை மருத்துவர் எப்படி அறிவார் என்று கேட்கத்தான் தீர்ப்பில் பயன்பட்டது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஒரு வெற்றி கிடைத்தது. கலிஃபோர்னியாவின் ஸ்பானிய ஒப்புதல் படிவத்தை ஆறாம் வகுப்பு வாசிப்பு அளவுக்கு எளிமையாக்க வேண்டியதாயிற்று. இந்த 'வகுப்பு அளவு' எங்கிருந்து வருகிறது? வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லில் உள்ள அசைகளையும் எண்ணி, ஒரு பிரதி எவ்வளவு கடினம் என்று சொல்லும் சூத்திரங்களிலிருந்து. ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட சூத்திரம் ஆங்கிலத்துக்கானது. ஆங்கிலத்தில் வீடு 'ஹவுஸ்', ஓர் அசை. ஸ்பானியத்தில் 'காஸா', இரண்டு அசை. அதற்காக அது கடினமான சொல் ஆகிவிடாது. ஆங்கில அளவுகோலை அப்படியே வைத்தால் குழந்தைக்குச் சொல்லும் ஸ்பானியக் கதைகூடக் கடினம் என்று காட்டும். அதனால்தான் ஃபெர்னாண்டெஸ் உவெர்த்தா 1959இல் அதை ஸ்பானியத்துக்கு ஏற்பத் திருத்தினார்.

அளவுகோல் தேவைதான். ஆனால் அது தாளை மட்டுமே அளக்கும். 'லிகார்' என்றால் ஸ்பானியத்தில் கட்டுவது. கருக்குழாயைக் கட்டுவது என்பது எந்தச் சூத்திரத்திலும் எளிய சொல்லாகவே தேறும். கட்டியதை அவிழ்க்கலாம் என்று ஒரு பெண் நினைத்தால் அது அவள் படிப்பறிவின் குறையா? இனி எப்போதும் பிள்ளை பிறக்காது என்ற வரியும் ஆறாம் வகுப்பு மொழிதான். அதைச் சொல்ல அசைகளை எண்ண வேண்டியதில்லை, சொல்லும் எண்ணம் இருந்தால் போதும்.

1978இல் வெளியான மத்திய அரசு விதிகள் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருந்தன. 1974இன் விதிகள் 72 மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருந்தன; இப்போது அது 30 நாள் ஆனது. மத்திய அரசுப் பணத்தில் நடக்கும் கருத்தடை அறுவைக்குக் குறைந்த வயது 21. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் ஒப்புதல் வாங்கக் கூடாது. மொழி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். படித்துக் காட்டி விளக்கினேன் என்று அவரும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். நம் ஊர்ப் பத்திரங்களில் வரும் 'படித்துக் காட்டப்பட்டது' என்ற வரியை இங்கே நினைத்துக்கொள்கிறேன். அந்த வரி இருக்கும்போது, புரியவைத்தேன் என்று பொறுப்பேற்க இன்னொரு ஆளும் வேண்டியிருக்கிறது.

கதை அதோடு நேராகிவிடவில்லை. அந்தப் படிவமே வாசிக்கக் கடினமானது என்று 2007இல் ஓர் ஆய்வு சொன்னது. கருத்தடையை விரும்பிக் கேட்கும் ஏழைப் பெண்களுக்கு அந்த 30 நாள் தடையாகவும் நிற்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி மன்னிப்புக் கேட்டது 2018இல், தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகள் கழித்து.

இன்றும் மருத்துவக் கேள்வித்தாள்களைப் பற்றிய பேச்சு, நோயாளிக்கு எவ்வளவு வாசிக்கத் தெரியும் என்றே தொடங்குகிறது. அந்தப் பத்துப் பெண்களின் வழக்கு எனக்குக் கற்றுத்தந்தது வேறு கேள்விகளை. தாளை நீட்டியவர் யார்? எந்த நேரத்தில் நீட்டினார்? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடம் இருந்ததா? இவற்றுக்கு விடை சொல்ல வேண்டியவள் மேசையில் படுத்திருப்பவள் அல்ல.