கூலி கொடுக்க இயலாத தாயும் குத்தாபில் சேர்ந்த மகனும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் முன்னோர் பல தலைமுறைகளாகப் பின்பற்றி வருவது ஷாஃபிஈ மத்ஹபு. அந்த மத்ஹபின் இமாமுடைய சட்ட நூல்களை மதரஸாக்களில் ஓதுகிறோம். ஆனால் அவர்களைக் கல்விச்சாலையில் சேர்க்க அவர்களுடைய தாயார் பட்ட பாட்டை நாம் அதிகம் பேசுவதில்லை. அறிவுக்கூர்மை மிக்க பிள்ளையை எந்தத் தனியார் பள்ளியில் சேர்ப்பது, கட்டணத்துக்கு என்ன செய்வது என்று தவிக்கும் இன்றைய பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய வரலாறு அது.

இமாம் முஹம்மது இப்னு இத்ரீஸ் அஷ்ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் (கி.பி. 767) பாலஸ்தீனத்தின் காஸாவில் பிறந்தார்கள். தந்தை விரைவிலேயே மரணமடைந்தார். கைம்பெண்ணான தாயார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே மகனின் குறைஷிக் குலத்து உறவினர் இருந்தனர். அறிஞர்களின் அவைகளும் இருந்தன. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன்னரே, பிள்ளை எத்தகைய மனிதர்களின் நடுவே வளர வேண்டும் என்பதை அந்தத் தாய் தேர்ந்தெடுத்துவிட்டார்.

அக்காலத்தில் சிறுவர்கள் எழுத்தும் குர்ஆனும் கற்ற இடம் ‘குத்தாப்’ எனப்பட்டது. பெரும்பாலும் தனி ஆசிரியர் ஒருவர், பெற்றோர் தரும் கூலியைக் கொண்டு அதை நடத்துவார். இன்றைய தனியார் பள்ளியின் முன்னோடி என்றே அதைக் கூறலாம். ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் தாயாரிடம் கூலி கொடுக்கப் பணம் இல்லை. எனவே ஆசிரியர் தொடக்கத்தில் இச்சிறுவரைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்ததைச் சிறுவர் கேட்டே மனனம் செய்தார். ஆசிரியர் எழுந்து வெளியே சென்றதும் அதே பாடத்தை மற்றவர்களுக்கு ஓதிக்கொடுத்தார். இதைக் கண்ட ஆசிரியர், தாம் இல்லாத வேளையில் இச்சிறுவர் செய்யும் உதவி தமக்குக் கிடைக்கும் கூலியைவிட மேலானது என உணர்ந்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார். ஏழு வயதில் அவர்கள் குர்ஆனை முழுமையாக மனனம் செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

சற்று நின்று சிந்தியுங்கள். அந்த ஆசிரியர் திரும்பிப் பார்க்காமலே போயிருந்தால்? கூலி தராத பிள்ளை என்று ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தால்? அவ்வாறு மூலையில் அமர்ந்து மறைந்துபோன திறமைகள் நம் மஹல்லாக்களில் எத்தனை என்பதை அல்லாஹ்வே அறிவான்.

குத்தாபுக்குப் பின் அவர்கள் பள்ளிவாசல் அவைகளில் அமர்ந்தார்கள். காகிதம் வாங்க வசதியில்லாததால் எலும்புகளில் எழுதினார்கள். அரசு அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி, அவற்றின் பின்புறத்தில் எழுதினார்கள். தூய அரபு மொழியைக் கற்க ஹுதைல் குலத்தாரோடு பாலைவனத்தில் வாழ்ந்தார்கள். இவற்றுக்கிடையே அம்பெய்வதிலும் அவர்களுக்குப் பெரும் ஆர்வம் இருந்தது. அறிவுள்ள பிள்ளை என்பதற்காக அவருடைய விளையாட்டை யாரும் பறித்துவிடவில்லை.

பின்னர் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் பயில விரும்பி, மக்கா ஆளுநரின் பரிந்துரைக் கடிதத்துடன் சென்றார்கள். கல்வியைப் பரிந்துரையால் தேடும் காலம் வந்துவிட்டதா என்று இமாம் மாலிக் (ரஹ்) வருந்தியதாக அறிவிக்கப்படுகிறது. கதவைத் திறந்தது கடிதமன்று. முன்னதாகவே முவத்தாவை மனனம் செய்து வந்திருந்த அம்மாணவரின் உழைப்பே திறந்தது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் தாயாரும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கவர். மகனுக்குத் தலைப்பாகை அணிவித்து ரபீஆ (ரஹ்) அவர்களிடம் அனுப்பியபோது, அவரிடம் கல்விக்கு முன் ஒழுக்கத்தைக் கற்றுக்கொள் என்று அறிவுறுத்தினார் என்பது பிரபலமான செய்தி.

இவ்வரலாறு பெற்றோருக்குச் சில கேள்விகளைக் கற்றுத்தருகிறது. பள்ளியைப் பார்க்கச் செல்லும்போது கட்டடத்தையும் தேர்ச்சி விழுக்காட்டையும் மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். பாடத்தை முன்னதாகவே முடித்துவிட்ட பிள்ளைக்கு ஆசிரியர் அடுத்து என்ன தருகிறார்? கேள்வி கேட்கும் பிள்ளையை எப்படி நடத்துகிறார்? விளையாடவும் தொழவும் நேரம் இருக்கிறதா? ஒரு பிள்ளையின் கட்டணத்துக்காக அதன் உடன்பிறந்தோரின் கல்வி, குறிப்பாகப் பெண்மக்களின் கல்வி, பலியாகிறதா? வட்டிக்குக் கடன் வாங்கிச் சேர்க்கும் இடத்தில் பரகத்தை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

பொறுப்பு பெற்றோரோடு முடிவதன்று. வறுமையால் படிப்பை விடவிருந்த அபூயூசுஃப் (ரஹ்) அவர்களுக்கு இமாம் அபூஹனீஃபா (ரஹ்) பணம் கொடுத்துத் தம் அவையில் நிலைக்கச் செய்தார்கள். அம்மாணவரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார். ஜமாஅத்தும் வசதி படைத்தோரும் ஆண்டுதோறும் ஓர் ஏழைப் பிள்ளையின் கட்டணத்தையேனும் ஏற்றால், அது மரணத்துக்குப் பின்னும் தொடரும் நன்மையாகும்.

காஸாவிலிருந்து வந்த அந்த அநாதைச் சிறுவர் ஹிஜ்ரி 204இல் (கி.பி. 820) எகிப்தில் மரணமடைந்தபோது, உலகுக்கு ஒரு மத்ஹபையே விட்டுச் சென்றார்கள். நம் பிள்ளைகளின் திறமையைக் கண்டறியும் கண்களையும், அதை வளர்க்கும் வசதியையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.