கேசட் கடைக் கணக்கு

போன மாதம் நம் வளாகத்தில் பழைய எலக்ட்ரானிக் சாமான்களைச் சேகரித்தோம் அல்லவா? கேட் பக்கத்தில் குவிந்திருந்த மானிட்டர், மிக்ஸி, சார்ஜர்களுக்கு நடுவே ஒரு வி.சி.ஆர். கிடந்தது. ஐந்தாவது படிக்கும் பையன் ஒருவன் அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே, "தாத்தா, இது பிரின்டரா?" என்று கேட்டான். "இல்லைடா, டெக்" என்றேன். பக்கத்தில் நின்ற அவன் அம்மாவுக்கும் அந்தச் சொல் பிடிபடவில்லை. சரி, இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். சினிமா பார்க்க அம்பத்தூரில் ராக்கி, முருகன் என்று தியேட்டருக்குப் போவோம். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் படம். நாமாக ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து வீட்டில் பார்ப்பது என்பது கேசட் கடை வந்த பிறகுதான்.

டெக் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-லும், ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976-லும் வந்தன. நம் மெட்ராஸ் தூர்தர்ஷனே 1975 ஆகஸ்ட் 15-ல்தான் தொடங்கியது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி 1982-ல் கலர் வந்தது. அதன் பிறகு வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் தோளில் டெக், பர்மா பஜாரில் டெக். ஆனால் என்னைப் போன்ற வங்கி கிளார்க்கால் உடனே வாங்க முடிகிற பொருள் இல்லை அது. ஆகவே வாடகைக்கு எடுத்தோம்.

1987 வாக்கில் கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளிலோ பஸ்ஸிலோ போய்வரும் தூரத்தில் நான் மூன்று கடைகளில் கணக்கு வைத்திருந்தேன். பெயர்களைத் தவிர்க்கிறேன். காரணம் பின்னால் புரியும்.

முதல் கடை அம்பத்தூர் ஓ.டி. பக்கம். கண்ணாடி ஷோகேஸ், டைப் அடித்த படப் பட்டியல், ஒவ்வொரு கேசட்டுக்கும் நம்பர். உறுப்பினராக 500 ரூபாய் டெபாசிட். ஒரு கேசட் ஒரு நாளைக்கு 10 ரூபாய், மறுநாள் காலை பத்து மணிக்குள் திருப்ப வேண்டும். பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் நிறைய. ஆவடி டாங்க் ஃபேக்டரிக் குடும்பங்களுக்காக ஒரு தட்டு முழுக்க இந்தி. ரீவைண்ட் செய்யாமல் கொடுத்தால் 2 ரூபாய் அபராதம். கடைக்காரர் கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் டிக் போடுவார். எங்கள் கேஷியர் நோட்டைத் தூக்கிப் பார்ப்பதைப் போலவே இருக்கும்.

இரண்டாவது, நம் கள்ளிக்குப்பம் கடை. கடை என்பதே மிகை. மளிகைக் கடையை ஒட்டிய ஒரு அறை. டெபாசிட் கிடையாது, பட்டியல் கிடையாது, நாற்பது பக்க நோட்டு ஒன்று மட்டும். கேசட் 5 ரூபாய். எஸ்டேட்டில் மூன்று ஷிஃப்ட் ஓடிய காலம். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் காலை ஏழு மணிக்குக் கேசட் எடுத்து மதியம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கொடுப்பார். அதே கேசட்டை ராத்திரி இன்னொருவர் வாங்குவார். ஒரே நாளில் இரண்டு வாடகை. எஸ்டேட்டை நம்பிப் பிழைத்த ஊரில் இதைவிடப் பொருத்தமான விதி இருக்க முடியாது என்று இன்றும் நினைக்கிறேன். சரக்குதான் குறைவு. நூற்றைம்பது கேசட் இருந்தால் அதிகம். அதிலும் பாதிக்குத் திரையில் மழை பெய்யும்.

டெக்கும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். டெக், கலர் டி.வி., மூன்று கேசட், ஒரு ராத்திரிக்கு 120 ரூபாய். சிவராத்திரி, வைகுண்ட ஏகாதசி என்றால் 200. இரவு முழுக்க விழித்திருக்கும் புண்ணியத்தைத் தெருவே சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளும். இதற்கு மட்டும் ஜாமீன் உண்டு, ரேஷன் கார்டு! பொருளைத் திருப்பும்போது டி.வி.யில் கீறல் என்று தகராறு வந்தால் கார்டு கடையில் தங்கிவிடும். மாதக் கடைசியில் சர்க்கரை, பாமாயில் போடும்போது அந்த வீட்டம்மா ஆளை விரட்டுவார், தகராறு தானாகத் தீரும். கடன் வசூலில் இவ்வளவு திறமையான முறையை எங்கள் வங்கியில் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது அண்ணா நகரில். எங்கள் கிளை அக்கவுன்டன்ட்தான் அறிமுகம் செய்தார். டெபாசிட் 1,000, இங்கிலீஷ் படங்கள், கேசட் 15 ரூபாய், ஒரு நாள் தாமதமானால் இரட்டிப்பு. ஏ.சி. இருந்தது. நான் ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை.

பி.காம். படித்தவன் புத்தி சும்மா இருக்குமா? ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெற்று இ-180 கேசட் (மூன்று மணி நேரம் ஓடும், நம் படம் முழுதாக அடங்கும்), பிரதி எடுக்கும் செலவு எல்லாம் சேர்த்து 150 ரூபாய் என்று வைப்போம். ஓ.டி. கடையில் பதினைந்து வாடகையில் முதல் திரும்பிவிடும். நம் ஊர்க் கடையில் முப்பது வாடகை வேண்டும். ஐம்பது தடவை ஓடினால் படம் கெட ஆரம்பிக்கும் என்பார் கடைக்காரர். அப்படியென்றால் அவருக்கு லாபம் மிச்சமுள்ள இருபது வாடகையில் மட்டும்தான். ஒரு கேசட் கெட்டுப்போனால் இன்னும் ஒன்றரைக் கேசட்டின் லாபம் போச்சு. இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், திரும்ப வருவேன்.

ஆனால் கேசட் விலை மட்டுமா இந்த வித்தியாசத்துக்குக் காரணம்? அப்போது அப்படித்தான் நினைத்தேன். பிற்பாடு சட்டம் சம்பந்தமாகப் படித்தபோது வேறு மாதிரி புரிந்தது. 1984-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று தமிழ்நாட்டுச் சட்டம், வி.சி.ஆர். மூலம் பொதுமக்களுக்குப் படம் காட்ட லைசென்ஸ் வேண்டும் என்றது. டீக்கடைகளிலும் கொட்டகைகளிலும் வீடியோ போட்டு டிக்கெட் வாங்கியவர்களுக்கான கடிவாளம் அது. இன்னொன்று மத்திய அரசின் காப்புரிமைச் சட்டத் திருத்தம், அந்த வருஷம் அக்டோபரில் அமலுக்கு வந்தது. கேசட்டிலும் உறையிலும் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளரின் சம்மதம், சென்சார் சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும். திருட்டுப் பிரதி என்றால் குறைந்தது ஆறு மாதச் சிறை, 50,000 ரூபாய் அபராதம். அன்றைய என் சம்பளத்தில் அது மூன்று வருஷத்துக்கு நெருக்கமான தொகை.

அப்படியானால் புதுப் படங்கள் எப்படி வந்தன? தமிழ்ப் படங்களின் வீடியோ உரிமையை வெளிநாட்டுக்கு விற்பார்கள். அங்கே போன கேசட் சுற்றிக்கொண்டு இங்கே வந்து பிரதிக்குப் பிரதியாகப் பெருகும். அதுவும் கிடைக்காவிட்டால் தியேட்டரில் உட்கார்ந்து எடுத்த 'கேமரா பிரிண்ட்'. முன்னால் உட்கார்ந்தவர் தலையும் சேர்ந்து நடிக்கும். ஓ.டி. கடையில் ஷோகேஸில் பழைய படம், உள் அறையில் புதுப் படம். டைப் அடித்த பட்டியலில் உள் அறைச் சரக்கு ஒன்றுகூட இருக்காது. எந்தப் படம் கிடைக்கும், என்ன விலை, யாரை நம்பி உள் அறைச் சரக்கைக் கொடுப்பது, எல்லாமே இந்தச் சட்டத்தின் நிழலில் முடிவானவை. 500 ரூபாய் டெபாசிட் கேசட்டுக்கான ஈடு மட்டும் இல்லை. முன்பின் தெரியாத ஆள் மஃப்டி போலீஸாக இருந்துவிடக் கூடாதே என்ற பயத்துக்கும் சேர்த்துத்தான். கள்ளிக்குப்பத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், அதனால் டெபாசிட் தேவைப்படவில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கடைக்காரர் காசு கொடுத்து ஒரு கேசட்டை வாங்கிவிட்டால், அதை வாடகைக்கு விட யாருடைய அனுமதியும் வேண்டாம். முதல் விற்பனையோடு உரிமையாளரின் பிடி விட்டுவிடுகிறது. அந்த ஒரு விதியின் மேல்தான் 1985-ல் டல்லாஸில் ஒரே கடையாகத் தொடங்கிய பிளாக்பஸ்டர், 2004-ல் 9,000 கடைகளுக்கு மேல் வளர்ந்தது. நம் நாட்டில் 1994-ல் வந்த திருத்தம் நேர் எதிராகச் சொன்னது. பிரதி ஏற்கெனவே விற்கப்பட்டிருந்தாலும், வாடகைக்கு விடும் உரிமை படத்தின் உரிமையாளருக்கே. இங்கே கேசட் கடைக்காரர் பெயர்ப்பலகை வைத்துக்கொண்டே ஒளிந்து வாழ்ந்தார் என்பது இதனால்தான்.

இப்போது என் கதை. 1991-ல் வங்கியில் பண்டிகை முன்பணம் வாங்கி, சேமிப்பையும் போட்டு, சொந்தமாக டெக் வாங்கிவிட்டேன். மறு வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வெற்று கேசட் இல்லை. கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் பதிவு செய்ய முடியாது. வாடகைக் கேசட்டுகளில் அது உடைக்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோ டேப் ஒட்டினால் டெக் ஏமாந்துவிடும். நம் ஊர்க் கடையிலிருந்து எடுத்து வந்த கேசட்டில் நான் அதைத்தான் செய்தேன். படத்தின் கடைசியில் வெற்றிடம் மிச்சமிருக்கும் என்ற நினைப்பு. அரை மணி நேரம் கிளைமாக்ஸ் போய்விட்டது. செல்லோ டேப்பை உரித்துவிட்டு, முழுக்க ரீவைண்ட் செய்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் கடைக்குப் போனபோது எஸ்டேட் ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை, கையில் டிபன் தூக்கு, நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கண்கள். "நான் ஒண்ணும் பண்ணலை சார், எங்க வீட்ல டெக்கே கிடையாது, மச்சான் வீட்ல போட்டுப் பார்த்தோம்" என்கிறார். "உங்க மச்சான்தான் அழிச்சிருப்பாரு" என்கிறார் கடைக்காரர். ஒரு கேசட் போனால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று மேலே சொன்னேன், அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. கடைசியில் அந்த மனிதர் 100 ரூபாயை இரண்டு ஐம்பதாக எண்ணி வைத்தார். நான் கையில் வேறு கேசட்டோடு பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வங்கியில் கணக்கு ஐந்து ரூபாய் உதைத்தால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடியவன் நான். அன்றைக்கு என் எண் வரிசையில் வரும்வரை காத்திருந்து 5 ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கேபிள்காரர் தன் டெக்கிலேயே படம் போட்டு வீட்டுக்கு வீடு அனுப்பினார். 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது. நம் ஊர்க் கடை 1996-ல் மூடியது, அதே அறையில் எஸ்.டி.டி. பூத் வந்தது. ஓ.டி. கடை வி.சி.டி.க்கு மாறிச் சில வருஷம் ஓடியது. தமிழ்நாடு அரசு 2004-ல் குண்டர் சட்டத்தில் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்த பிறகு அதுவும் இல்லை. என் 500 ரூபாய் டெபாசிட் ரசீது பீரோவில் இருக்கிறது. வராக் கடன் என்று எழுதிவிட்டேன்.

கடைசி அடி விலையில்தான் விழுந்தது. நொய்டாவின் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும், டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும், முறையான உரிமையோடு விற்க ஆரம்பித்தது. சொந்தமாகவே 28 ரூபாய்க்குக் கிடைத்தால் யார் வாடகைக்கு எடுப்பார்கள்? நல்ல உலகப் படங்கள் வேண்டுமென்றால் சென்னையில் சினிமா பாரடைஸோ என்ற டி.வி.டி. வாடகைக் கடை இருந்தது. அமெரிக்காவில் முறையாக விற்கப்பட்ட டிஸ்க்குகளைத்தான் அவர்கள் இங்கே வாடகைக்கு விட்டார்கள். வார்னர் பிரதர்ஸ் போட்ட வழக்கில், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்காக இருந்தாலும் உரிமையாளர் அனுமதியின்றி இங்கே வாடகைக்கு விடக் கூடாது என்று 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே பிளாக்பஸ்டரும் அடுத்த வருஷமே திவாலானது. உலகில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் நிறுத்திக்கொண்டது. 28 ரூபாய்க்கு விற்ற மோசர் பேயரும் 2018-ல் கலைப்புக்குப் போனது.

கேட்டில் கிடந்த டெக்கை நான்தான் எடுத்து வந்தேன். பெல்ட் மாற்றி, ஹெட் துடைத்து, இப்போது ஓடுகிறது. உங்கள் பரணில் கல்யாணக் கேசட், சீமந்தக் கேசட் இருந்தால் கொண்டு வாருங்கள், கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன். சாளரம் வழியாகப் பார்த்து டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் முதலில் சொல்லிவிடுங்கள். அதை அப்படியே போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் கேசட்டுக்கும் பரவும்.

நம் குடியிருப்பில் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இருக்கிறீர்கள். 1992-ல் மளிகைக் கடைக்குப் பக்கத்து அறையில், செய்யாத தப்புக்கு 100 ரூபாய் கட்டியவர் உங்களில் ஒருவராகவோ, உங்கள் அப்பாவாகவோ இருந்தால் தயவுசெய்து வாருங்கள். 8 சதவீதம் தனி வட்டியில் 33 வருஷத்துக்கு 264 ரூபாய், அசலோடு 364. உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.