பொதுப்பள்ளியைக் கைவிட்டோர் யாவர்?

நம் முன்னோர்க்குப் பள்ளிக்கூடம் எவரும் வலிய வந்து வழங்கிய கொடையன்று. செங்கற்பட்டுப் பறையர் நிலை குறித்துக் கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பயனாய் 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்ததைப் பலரும் அறிவர். அதற்கடுத்த ஆண்டே பஞ்சமர் கல்விக்கென ஓர் அரசாணை வந்ததை அறிந்தோர் சிலரே. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் இலவசப் பள்ளி தொடங்கினார். 1920ஐ ஒட்டித் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகளைத் திறக்கலாயிற்று. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அதுவே. ஊர்ப் பள்ளியின் கதவு திறவாமையால் எழுந்தவை அவை.

பின்னர் அக்கதவும் திறந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிற்று. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் மக்களைப் பள்ளிக்குக் கொடையளிக்கச் செய்தார். அக்காலத்தைப் பொற்காலமெனப் போற்ற நாம் முன்வரவில்லை. பல ஊர்களில் நம் பிள்ளைகள் கடைசி வரிசையிலேயே உட்காரவைக்கப்பட்டனர். ஆயினும் கூரை ஒழுகினால் ஊர்ப் பெரியவர் மகன் தலையிலும் ஒழுகிற்று. ஆகவே கூரை மாற்றப்பட்டது. 1953இல் அரைநாள் பள்ளித் திட்டம் வந்தபோது நாடே கிளர்ந்தெழுந்து, மறு ஆண்டே அது கைவிடப்பட்டதற்கும் காரணம் இதுவே. பள்ளி அன்று பலருக்கும் உரியதாயிருந்தது.

1966இல் கோத்தாரிக் குழு பொதுப்பள்ளி முறையையும், நாட்டு வருவாயில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்குவதையும் பரிந்துரைத்தது. இரண்டும் ஏட்டளவில் நின்றன. பல்கலைக்கழகங்களின் பொறுப்பிலிருந்த மெட்ரிக் பள்ளிகள் 1970களின் இறுதியில் மாநில அரசின்கீழ் வந்தன. அன்று சில பத்துகளே இருந்தவை பின்னர் ஆயிரக்கணக்கிற் பெருகின. நிலமும் பதவியும் உடையோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினர். நம் பிள்ளைகள் முன்வரிசைக்கு வந்த காலமும் அவர்கள் வெளியேறிய காலமும் ஒன்றாயிருந்தமை தற்செயலென்று நாம் கருதவில்லை.

ஆசிரியரே காரணமென்பர் சிலர். கடமை தவறிய ஆசிரியர் உளர், மறைப்பதற்கில்லை. ஆனால் இருவர் ஐந்து வகுப்புகளை நடத்தி, வாக்காளர் பட்டியலும் மக்கள்தொகைக் கணக்கும் எடுக்கும் பள்ளியில் நின்று பார்த்தோர் இவ்வளவு எளிதில் தீர்ப்புக் கூறார். அரசு செய்ததென்ன? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஏழைப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பி, கட்டணத்தையும் தானே செலுத்தும் பொறுப்பை ஏற்றது. தன் பள்ளியில் தனக்கே நம்பிக்கையில்லை என்பதை இதைவிட வெளிப்படையாகக் கூறவியலுமோ!

2015இல் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசு ஊழியரும் மக்கள் பிரதிநிதிகளும் நீதித்துறையினரும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப்பள்ளியிலேயே சேர்க்க வழிசெய்யுமாறு உத்தரப்பிரதேச அரசுக்கு ஆணையிட்டது. அச்செய்தியைப் படித்த நாளில் நம்மால் தலைநிமிர இயலவில்லை. அரசுப் பள்ளியில் பயின்று, அரசு உதவித்தொகையால் பட்டம் பெற்று, அரசுப் பள்ளித் தலைமையாசிரியராகவும் அமர்ந்த நாம், நம் பிள்ளைகள் இருவரையும் மெட்ரிக் பள்ளியிலேயே சேர்த்திருந்தோம். அப்பள்ளிப் பேருந்து நாள்தோறும் நம் பள்ளி வாயிலைக் கடந்தே சென்றது. இச்சங்கத்தில் படித்து முன்னேறிய அன்பர் பலர் நிலையும் இதுவே.

இன்று நம் பள்ளியில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டி மனு எழுதுவோர் அவர்தம் தாய்மாரே. மேலாண்மைக் குழுக் கூட்டத்திற்கு அவர்கள் வரவேண்டுமாயின் அன்றைய கூலியை இழக்க வேண்டும். சென்ற கூட்டத்திற்கு நால்வர் வந்தனர்.