பதுளையிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு தூரம்?

கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் திருச்சிராப்பள்ளியில் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும். வான்வழித் தூரம் சுமார் 420 கிலோமீற்றர். பதுளையிலிருந்து புறப்படுபவருக்கோ, கட்டுநாயக்காவை அடைவதற்கே ஆறேழு மணி நேரம் வீதியில் கழியும். கடலைக் கடப்பதினும் மலையை இறங்குவதே நெடும்பயணம்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். கொள்ளைநோயும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கு அப்பாலும் மலையேற வேண்டியிருந்தது. வழிச்செலவோ கங்காணியின் கணக்கில் அவர்கள் பெயரிலேயே கடனாக ஏறியது. நடந்த தூரத்துக்கும் அவர்களே விலை கொடுத்தார்கள்!

புகையிரதம் விளைபொருளுக்காக வந்தது. 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டிய பாதை, எஞ்சிய ஏறத்தாழ 30 கிலோமீற்றரைக் கடந்து பதுளையைச் சேர மேலும் 30 ஆண்டுகள் பிடித்தன. 1924இலேயே முதல் வண்டி பதுளைக்கு வந்தது. தெமோதரையில் பாதை ஒரு வளையமாகச் சுழன்று, தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தில் நுழைகிறது. நேர்கோட்டில் கொழும்புக்கும் பதுளைக்கும் இடையே சுமார் 130 கிலோமீற்றர்தான்; இருப்புப் பாதையிலோ 292. பட்டிப்பொலையில் ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறி இறங்கும் அப்பாதையில் வண்டிகள் ஒன்பது, பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டன. இன்று சுற்றுலாப் பயணிகள் வியந்து படம்பிடிக்கும் வளைவுகள் இவை. தோட்டத்து மக்களின் நினைவில் இப்பாதைக்கு வேறொரு பெயர் உண்டு.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். நிலையத்து மேடையில் நின்றவர்களும் அழுதனர், பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுதனர். பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார்; அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். பாட்டன் கால்நடையாக வந்த கரைக்குப் பேரன் கோச்சியில் திரும்பினான். அவன் பிறந்ததோ ஊவாவில்.

1984இல் போர்ச் சூழலில் கப்பற் சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையிலிருந்தும் போக வழியின்றிப் பல்லாயிரவர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டனர். லயத்தில் வாழ்ந்து, கொழுந்து பறித்து, சட்டப்படி அயல்நாட்டவராகவே இருந்தார்கள். இலங்கைப் பிரசாவுரிமைக்கு வழி திறந்த சட்டம் 2003இல் நிறைவேறியது.