கார் ஒலியமைப்பு: ஃபியூஸும் வயரும்

கார் ஆம்பிளிஃபயருக்காக பேட்டரியிலிருந்து தனியே இழுக்கும் மின்கம்பியும், அதற்கான காப்பும். சிங்கப்பூரில் இவற்றைச் சில்லறையாக வாங்க, லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவர் பெயர்பெற்ற இடம்.

ஃபியூஸ் காப்பது ஆம்பிளிஃபயரை அல்ல, வயரை. எனவே அதன் அளவு வயர் தாங்கும் மின்னோட்டத்தை மிஞ்சக்கூடாது. பேட்டரியிலிருந்து சுமார் 45 செ.மீ.க்குள் அதைப் பொருத்துவது வழக்கம். அதற்கு முந்தைய துண்டு உரசிக் காரின் தகட்டைத் தொட்டால் தடுக்க எதுவுமில்லை. தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

600 வாட் (ஆர்.எம்.எஸ்.) ஆம்பிளிஃபயர் 80 விழுக்காடு திறனில், 12 வோல்ட்டில் ஏறத்தாழ 63 ஆம்பியர் இழுக்கும், 4 கேஜ் செம்பு வயரும் 80 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் உச்ச வாட் கணக்குக்கு உதவாது. செம்பு பூசிய அலுமினிய வயர் மலிவு. அதே தடிமனில் குறைவாகவே தாங்கும்.