கோஷா ஆஸ்பத்திரியும் குன்னூர் மலையும்: ஒரு மாத்திரையின் வரலாறு

கருவுற்ற பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வழங்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரையை நம் இல்லங்களில் அறியாதார் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அதன் தொடக்கத்தில் நம் சமுதாயத்து ஏழைப் பெண்கள் இருக்கின்றனர். வால்பாறையில் வாழும் நமக்குத் தொலைவில்லாத குன்னூர் மலையும் இருக்கிறது.

1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கர்ப்பிணிகளைக் கடும் இரத்த சோகை வாட்டிய காலம் அது. எந்தப் பிரிவினர் என்ன உண்கின்றனர் என அவர் ஆராய்ந்தார். மிகக் குறைபாடுள்ள உணவை உண்டவர்கள் ஏழை முஸ்லிம் பெண்கள். நோய் மிகுந்திருந்ததும் அவர்களிடமே. இதைப் படிக்கையில் நம் நெஞ்சு கனக்கிறது. ஆயினும் அப்பெண்களின் தட்டை ஒருவர் உற்றுப் பார்த்ததால்தான் மருந்துக்கு வழி திறந்தது.

அக்காலத்தில் இன்னொரு வகைக் கொடிய சோகைக்குச் சுத்திகரித்த ஈரல் சாறு மருந்தாயிருந்தது. அது இப்பெண்களிடம் பலிக்கவில்லை. சுத்திகரிக்காத ஈரல் சாறோ பலித்தது. அப்படியெனில் இவர்களிடம் குறைந்திருந்தது வேறொரு சத்து. 1929இல் வில்ஸ் குன்னூர் பாஸ்டியர் நிலையத்துக்குச் சென்று எலிகளைக் கொண்டு ஆராய்ந்தார். பின்னர், குறைபாடுள்ள உணவால் சோகையுற்ற ஒரு குரங்கு, 'மார்மைட்' எனும் மலிவான ஈஸ்ட் சாற்றால் தேறியது. கர்ப்பிணிகளும் அவ்வாறே தேறினர். 1931இன் தொடக்கத்தில் அவர் சென்னைத் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியில் பணியாற்றினார். திரைமறைவு பேணும் பெண்களுக்காக எழுந்த அம்மருத்துவமனையே இன்றைய கஸ்தூரிபா காந்தி மகளிர் மருத்துவமனை. அவருடைய முடிவுகள் அவ்வாண்டே வெளிவந்தன.

(மார்மைட் மது ஆலையில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படுவதாயிற்றே என்று சிலர் கேட்கலாம். இன்று மாத்திரையில் உள்ள ஃபோலிக் அமிலம் வேதியியல் முறையில் ஆக்கப்படுவது.)

பெயரறியா அச்சத்து 1941இல் பசலைக்கீரையிலிருந்து பிரிக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே ஃபோலிக் என்ற பெயராயிற்று. அதைச் செயற்கையாக ஆக்கிய அமெரிக்க ஆய்வுக் குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்.

இரத்தத்துக்கென வந்த மருந்து நரம்பையும் காக்கும் என்பது வெகுகாலம் கழித்தே உறுதியாயிற்று. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிடில் முதுகுத்தண்டு பிளவோடு குழந்தை பிறக்கும். முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மாரிடம், ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 1991இல் வெளியாயிற்று. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் உண்டோரிடம் இக்குறை மீண்டும் நேர்வது 72 சதவீதம் குறைந்திருந்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பி12 சத்துக் குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால், இரத்தம் தேறியதுபோல் காட்டும். நரம்பு உள்ளே சிதைந்துகொண்டே போகலாம். கால் மரத்துப்போகிறது எனும் பெரியவர்களுக்கு வீட்டிலுள்ள மாத்திரையை எடுத்துக் கொடுக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

28 நாட்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்குள் பல பெண்களுக்குத் தாம் கருவுற்றதே தெரியாது. மாத்திரை கைக்கு வருவதோ அதன் பிறகு. வந்த மாத்திரையையும், "பிள்ளை கறுத்துவிடும்" என்ற பேச்சுக்கு அஞ்சி அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் உண்டு. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் தொடர்பில்லை. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உண்ண வேண்டும் என்பதே மருத்துவ உலகின் பரிந்துரை. முன்பு இக்குறையோடு குழந்தை பெற்றவர்களுக்கு அளவு கூடும். அதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஆகவே நிக்காஹ் பேச வரும் பெற்றோரிடம் மஹர், விருந்து பற்றிய பேச்சுக்கிடையே இதையும் நாம் சொல்லி வருகிறோம். சில தந்தையர் கூச்சத்தால் முகம் திருப்புகின்றனர். சில தாய்மார் மாத்திரையின் பெயரைத் தாளில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கிச் செல்கின்றனர்.