திருத்தணியிற் பிறந்த தூதர்

தூதரை இருவகையினராகப் பிரித்தனர் நம் முன்னோர். அரசன் சொல்லியதை அவ்வாறே சென்று சொல்பவன் ஒருவன். இடமும் காலமும் அறிந்து தானே வகுத்துரைப்பவன் மற்றொருவன். திருக்குறளின் 69-ஆம் அதிகாரமாகிய தூதுக்கு உரை கண்ட பரிமேலழகரும் இவ்வேற்றுமையைக் காட்டினர். பின்னவ்வகைக்கு ஏற்ற சான்று டாக்டர் ஸர்வபள்ளி ராதாகிருஷ்ணன் என்பது நமது துணிபு.

நம் பரங்குன்றம் போன்று முருகன் படைவீடாகிய திருத்தணியில் 1888-ஆம் வருஷம் பிறந்த இப்பெரியார், சென்னைக் கிறிஸ்தவ கலாசாலையிற் பயின்று, தத்துவ ஆசிரியராய்ப் புகழெய்தியவர். 1949-ல் பிரதமர் நேரு இவரை ஸோவியத் ருஷ்யாவுக்கு ஸ்தானாபதியாக அனுப்பினார். அந்நாளில் இருநாட்டு உறவு இனிதாயில்லை. இந்திய சுதந்தரம் ஆங்கிலேயரின் நிழலே என ருஷ்யப் பத்திரிகைகள் இகழ்ந்தன. இங்கோ, சென்னை மாகாண சர்க்கார் அதே 1949-ல் கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடைசெய்தது. முன்னிருந்த ஸ்தானாபதி ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிதர்க்கு ஸ்டாலினின் பேட்டியே கிட்டவில்லை.

1950 ஜனவரியில் ஸ்டாலின் ராதாகிருஷ்ணனை வரவேற்றுப் பேசினார். கலிங்கப் போருக்குப்பின் அசோகன் மனந்திரும்பிய வரலாற்றை ஸ்டாலினிடமே இவர் எடுத்துரைத்தார் என்பது பிரசித்தம். அஃது டில்லி எழுதியனுப்பிய வாசகமன்று. எவ்வணியிலும் சேராமை கோழைமையன்று, கொள்கையே என்பதை ருஷ்யத் தலைவர் உணர இவர் உழைத்தார். 1951-ல் நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது ருஷ்யத் தானியக் கப்பல்கள் வந்தன. காஷ்மீர விவகாரத்தில் வாளாவிருந்த ருஷ்யப் பிரதிநிதி, 1952 ஜனவரியில் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபையில் மேல்நாட்டார் தலையீட்டைக் கண்டித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் ஸ்டாலினிடம் விடைபெற்றுத் திரும்பிய இவர், மே மாதத்தில் உபராஷ்டிரபதியானார்.

யாவும் ஒருவர் செயலே எனல் மிகையாகும். 1953-ல் ஸ்டாலின் மறைந்தபின் வந்தவர்களின் நோக்கு மாறியதும், 1954-ல் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ஆயுத உதவி செய்ய இசைந்ததும் பெருங் காரணங்களே. அவற்றின்பின் 1955-ல் பிலாய் உருக்காலை ஒப்பந்தம் ஏற்பட்டது; குருஷ்சேவும் புல்கானினும் இந்தியா வந்தனர். ஆயினும் சாத்தியிருந்த கதவை முதலில் நெகிழ்த்தியது தூதர் சொல்லே.

தன் கொள்கையை விடாமலும், பிறர் கொள்கையைப் பழியாமலும் பேசுதல் அரிய கலை. சங்கத்தின் சார்பாகப் பிற சமூகத்தாரிடமும் சர்க்காரிடமும் பேசச் செல்லும் நம்மவர் பலர், தீர்மானத்தை வாசித்துவிட்டுத் திரும்புவதோடு நிற்கின்றனர். அவர்க்கும், பட்டம் பெற்று உத்தியோகம் தேடும் நம் வாலிபர்க்கும் இச்சரித்திரம் வழிகாட்டுவதாகுக. எதிரே இருப்பவர் மனமறிந்து வகுத்துரைக்கும் வன்மை கல்வியாலன்றி வாராது.